சிவக்காத பன்னிரண்டு கண்ணாடிகள்

அத்தியாயம் 17

சின்னவளை பார்லர் நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் டவலைக் கட்டி, தலையைப் பின்னால் சாய்த்த இடத்தில் விட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரமாக அப்படியே கிடக்கிறாள், பாவம். எழுப்பிவிடலாம்.

முடி நன்றாகவே வந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து சீப்புக்கு அடங்காமல் சுருண்டு கிடந்தது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து குழாயில் தண்ணீர் விழுகிற மாதிரி நேராக இறங்குகிறது. திங்கட்கிழமை காலையில் அம்மா அவளைப் பார்த்துவிட்டு, யாரம்மா நீ, என் பெண்ணைப் பார்த்தியா என்று கேட்டதாகக் கேள்வி.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மாடியில் அம்மாவும் இரண்டு பெண்களும். கீழே பெரியவளின் பார்லர். சின்னவளுக்கு ஆராய்ச்சி லேபில் வேலை. என்ன வேலை என்று கேட்டால், கண்ணாடி மேல் தங்கம் வளர்க்கிறேன் என்பாள். அந்த ‘வளர்க்கிறேன்’ என்ற ஒரு வார்த்தையால் இந்தத் தெரு இரண்டு வருஷமாகப் பட்ட பாடு கொஞ்சமில்லை. கிளி வளர்க்கலாம், தாடி வளர்க்கலாம். தங்கத்தை எப்படி வளர்ப்பது? வளர்க்கத் தெரிந்தவள் ஏன் தைத்த செருப்போடு பஸ்ஸுக்கு ஓடுகிறாள்? விடை கிடைக்காமலே அவளுக்குத் தங்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரியவளுக்குத் தங்கச்சி, தெருவுக்குத் தங்கம். பொருந்திப் போனது.

விஷயம் இதுதான். விரல் நீளத்தில் ஒரு கண்ணாடி. அதன் மேல் கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்கள் ஒட்டியிருக்கும். அவற்றை விதை என்கிறாள். தங்க உப்புக் கரைசலில் கண்ணாடியை இறக்கினால் விதை ஒவ்வொன்றும் கரைசலில் இருக்கிற தங்கத்தை இழுத்து மேலே பூசிக்கொண்டு பருக்கும். வளர வளரக் கண்ணாடி மஞ்சளாகாது, சிவக்கும். அத்தனை பொடியாக இருக்கும்போது தங்கத்தின் நிறமே அதுதானாம். நன்றாகச் சிவந்த கண்ணாடி மேல் கொக்கி மாதிரி சிலவற்றைப் பொருத்துவார்கள். இதயம் அடிபட்டால் ரத்தத்தில் ஒரு புரதம் கசியும். கொக்கி அதை மட்டும் பிடிக்கும். பிடித்தால் நிறம் மயிரிழை நகரும். பத்து நிமிஷத்தில் கருவி சொல்லிவிடும்.

இதில் அவளுக்கு ஏன் இத்தனை வேகம் என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. இதயமா வாயுவா என்று ரத்தப் பரிசோதனை சொல்வதற்கு ஆறு மணி நேரம். கடைசியில் வாயுதான். அந்த ஆறு மணி நேரமும் ஆஸ்பத்திரி நடையில் நடந்த நடையைச் சின்னவள் மறக்கவில்லை. அம்மாவுக்கு வேறு குறை. அத்தனை பேரைக் கூட்டிவிட்டு வெறும் வாயு என்று முடிந்ததில் இன்னமும் ஒரு சின்ன வருத்தம்.

இந்தத் திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வருகிறார். அவருக்கு ஒரு கண்ணாடி போதாது. பன்னிரண்டு வேண்டும், பன்னிரண்டும் ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். ஒன்று வந்தால் அது அதிர்ஷ்டம், பன்னிரண்டும் வந்தால்தான் வேலை என்று சொல்லியனுப்பியிருந்தார். பிடித்துவிட்டால் கண்ணாடிகள் வார்டுக்குப் போகும், கூடவே சின்னவளும் போவாள். பிடிக்காவிட்டால் மாதக் கடைசியோடு அவள் வேலை முடிகிறது. இதைச் சொன்னது அவளுடைய மேடம். ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துத்தான் வெளியே விடுவார் என்பதால் லேபில் அவருக்குத் தராசு என்று பெயர். விட்ட வார்த்தையை அவர் திரும்ப எடுத்துப் பார்த்தவர்கள் இல்லை.

இப்படிப்பட்ட நாளுக்கு முன்னால்தான் சின்னவள் ஒரு காரியம் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லேப் கட்டடத்தில் மின்சார வேலை. ஈரத்தை உறிஞ்சுகிற அலமாரி ஓடாது. விதை ஒட்டிய கண்ணாடிகளுக்கு ஈரம் ஆகாது என்ற பயத்தில், சனிக்கிழமையே அவற்றைப் பெட்டியில் அடுக்கி வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். லேப் சாமான் வாசலைத் தாண்டக்கூடாது என்பது விதி. தெரிந்தேதான் தாண்டினாள். பெட்டியில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். பதின்மூன்றாவது கண்ணாடி ஓடாத அலமாரியிலேயே தங்கிவிட்டது.

வீட்டில் அவளுக்கு ஒரே எதிரி அடுப்படி. வெங்காயம், பூண்டு இரண்டிலும் கந்தகம் உண்டு. கந்தகத்துக்குத் தங்கத்தைக் கண்டால் போதும், ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு விடாது. விதையை அது மூடிவிட்டால் அதன் மேல் தங்கம் ஏறாது. இதைச் சொல்லிச் சொல்லி, லேபிலிருந்து வருகிற பையைக் கண்டாலே அம்மா கத்தியைக் கீழே வைத்துவிடுகிற அளவுக்குப் பழக்கியிருந்தாள். அதனால் பெட்டியை மாடிக்கே கொண்டு போகவில்லை. பார்லரில் ஏசி உண்டு, ஈரம் இல்லை, அங்கே யாரும் வெங்காயம் உரிக்கப் போவதும் இல்லை. முகம் பார்க்கிற கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் பெட்டியை வைத்து, காற்றாட மூடியைக் கொஞ்சம் திறந்து விட்டாள்.

மறுநாள் அதே பலகைக்கு எதிரே உட்கார வைத்துத்தான் பெரியவள் அவளுடைய சுருட்டை முடியை நேராக்கினாள். பெரிய டாக்டர் முன்னால் தங்கச்சி பரட்டைத் தலையோடு நிற்கக்கூடாது என்று அவளுக்கு.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு லேபில் கரைசல் தயார். மஞ்சளாக இருந்ததில் வைட்டமின் சி கரைத்து ஊற்றியதும் நிறம் போய்த் தண்ணீராகிவிட்டது. அது நல்ல சகுனம். பன்னிரண்டு கண்ணாடிகளையும் இறக்கினாள். வழக்கமாக ஐந்தாவது நிமிஷம் ரோஜா நிறம் தொடங்கும், பதினைந்தில் மாதுளம்பழச் சாறு மாதிரி ஆகும். ஐந்து நிமிஷத்தில் ஒன்றுமில்லை. பதினைந்தில் ஒன்றுமில்லை. இருபத்தைந்தில், பழைய சட்டையில் துவைத்தும் போகாத கறை மாதிரி ஓரத்தில் ஏதோ திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

 அவள் புதிதாகக் கரைசல் கலக்கி, அலமாரியில் தனியாகக் கிடந்த பதின்மூன்றாவதை அதில் இறக்கினாள். பத்தே நிமிஷத்தில் அது வெட்கப்பட்ட மாதிரி சிவந்தது. அதே கரைசலில் பன்னிரண்டில் ஒன்றைப் போட்டாள். அது பிடிவாதமாக வெளுத்தே நின்றது.

அப்படியானால் கரைசலில் குற்றமில்லை. கண்ணாடியிலும் இல்லை, எல்லாம் ஒரே நாளில் விதைத்தவை. வீட்டுக்கு வந்தவை செத்தன, வராதது பிழைத்தது.

போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

அந்த நேரத்தில் பார்லர் நாற்காலியில் யார் இருந்தார் என்பது இங்கே வேண்டாம். பாதித் தலைக்குச் சாயம் பூசிய நிலையில் ஒருவர் இருந்தார், அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், அவ்வளவு போதும். அம்மா போனைச் சத்தமாகப் பேச வைத்து, கையை நீட்டிப் பிடித்தபடி, நடந்துவரும் புகார்ப் பெட்டி மாதிரி மாடிப்படி இறங்கி வந்தாள்.

“வெங்காயம் உரிச்சியாம்மா?” என்று போன் கேட்டது.

“உரிச்சேன். மாடியில உரிச்சேன். கீழ வந்து உன் பெட்டி மேல உட்கார்ந்தா உரிச்சேன்?”

பூண்டு என்று போன் ஆரம்பித்தது. பூண்டைத் தொட்டுப் பத்து நாளாகிறது, இந்த வீட்டில் எது கெட்டாலும் அடுப்படிதானா கண்ணுக்குத் தெரிகிறது என்று அம்மா தன் பக்கத்து நியாயத்தை விரிவாக எடுத்து வைத்தாள். அந்த நியாயத்தின் நடுவில்தான் பெரியவளின் கையில் இருந்த பிரஷ் நின்றது.

“கந்தகம்னா அது எப்படி நாறும்?” என்று கேட்டாள்.

அழுகின முட்டை மாதிரி என்றது போன்.

பெரியவள் பிரஷைக் கீழே வைத்தாள். போனை அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நேத்து உன் தலைக்கு மருந்து போடறதுக்கு முன்னாடி தோட்டைக் கழட்டச் சொன்னேனே. ஏன் சொன்னேன்?”

“நகை கறுத்துடும்னு சொன்னே.”

“கழட்டி எங்க வெச்சே?”



“பெட்டி பக்கத்துல” என்றாள் சின்னவள்.

முடிக்குள்ளே சுருளைப் பிடித்து வைத்திருக்கிற கட்டுகளும் கந்தகம்தான், அவற்றை அவிழ்க்கிற மருந்தும் கந்தகச் சரக்குதான். பதினோரு வருஷமாக நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொரு தலையிடமும் நகையைக் கழற்றச் சொல்கிறவள் ஒருத்தி. வெங்காயத்தைத் தள்ளி வை என்று அம்மாவின் உயிரை எடுக்கிறவள் இன்னொருத்தி. ஒரே கூரையின் கீழே இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது ஒருத்திக்கும் தோன்றவில்லை. தோட்டைக் காப்பாற்றினார்கள், அதன் பக்கத்தில் மூடி திறந்து கிடந்த பன்னிரண்டையும் மருந்தின் ஆவிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பெரியவள் பர்ஸை எடுத்தாள். மீதித் தலையை நீ பூசிடும்மா என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டாள். அம்மா பூசினாள். அந்தத் தலையைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்.

மத்தியானம் லேப் கட்டடத்தின் இரண்டாம் மாடிப் படியில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். சாயக்கறை படிந்த ஏப்ரனைக் கழற்றக்கூட பெரியவளுக்கு ஞாபகமில்லை. போகிற வருகிறவர்கள் அவளையும் ஏதோ ஆராய்ச்சிக்காரி என்று நினைத்து வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். அவளும் திருப்பி வைத்தாள்.

முதல் கால் மணி நேரம் பெரியவள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அது முடிந்ததும் காரியத்துக்கு வந்தாள். மேடத்திடம் கரைசல் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட வேண்டியது. அவர் இன்னொரு நாள் குறித்துக் கொடுப்பார், புதிதாகப் பன்னிரண்டு செய்துகொள்ளலாம். வீட்டுக்குக் கொண்டு போனது யாருக்குத் தெரியும்?

“பாட்டில் வந்து இல்லைன்னா சொல்லப்போகுது?” என்றாள். “எங்க தொழில்ல முடி கொட்டினா தண்ணி சரியில்லைன்னுதான் சொல்றோம். தண்ணி கோவிச்சுக்கறதே இல்ல.”

சின்னவளுக்கு அது தோன்றாமல் இல்லை. பெரியவள் வருவதற்குள்ளேயே தோன்றி, மனசுக்குள் வாக்கியமாகவே தயாராகிவிட்டது. கரைசலில் கோளாறு, மேடம். மூன்றே வார்த்தை. வேலை பிழைக்கும், விதியை மீறியது வெளியே வராது. ஒரு நல்ல கரைசல் பாட்டில் குப்பைக்குப் போகும், அவ்வளவுதான் நஷ்டம் என்று கொஞ்ச நேரம் அவளுக்கே தோன்றியது.

நேரான முடியை விரலில் சுற்றிப் பார்த்தாள். சுருளாமல் வழுக்கி விழுந்தது.

“இது வார்டுக்குப் போகுதுன்னு வெச்சுக்கோக்கா” என்றாள். “ஒருத்தி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வருவா. முதல் நாள்தான் உன்கிட்ட தலைக்குப் போட்டுட்டுப் போயிருப்பா. அவ தலையில இருக்கற மருந்து பட்டு இந்தக் கண்ணாடி கெட்டு, ஒண்ணுமில்லைன்னு சொல்லும். வாயுன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

பெரியவள் கரைசல் யோசனையை அந்தப் படியிலேயே விட்டுவிட்டாள். 

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். தராசு மேடம் மேஜைக்கு அந்தப் பக்கம். பெரியவள் வெளியே பெஞ்சில். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அதற்குப் பெரியவளின் செருப்பு நுனி காரணமாக இருக்கலாம்.

சின்னவள் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, சிவந்த ஒன்றையும் வெளுத்த பன்னிரண்டையும் வரிசையாக வைத்தாள். பிறகு நடந்ததை நடந்தபடியே சொன்னாள். வீட்டுக்குக் கொண்டு போனது, மூடியைத் திறந்து வைத்தது, அக்கா போட்ட மருந்து, தோடு வைத்த இடம் வரைக்கும். சொல்லும்போது தலையைக் குனியவில்லை. அந்த முடிக்குக் குனிந்தால் முகம் முழுக்க மறைந்துவிடும், அதுவும் ஒரு காரணம்.

டாக்டர் வெளுத்த கண்ணாடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“ஒரு ஆவிக்கே செத்துப்போற பொருளை என் வார்டுக்குள்ள எப்படிம்மா விடறது?”

“இப்ப விடாதீங்க சார்.”

தராசு மேடம் நிமிர்ந்து பார்த்தார். தன் வேலைக்குத் தானே குழி பறிக்கிறவளை அவர் அன்றுதான் பார்க்கிறார் போல.

டாக்டர் விடவில்லை. எவ்வளவு தூரத்தில் இருந்தது, எத்தனை நேரம், மூடி எவ்வளவு திறந்திருந்தது, வளர்ந்து முடிந்த பிறகு இந்த ஆவி பட்டால் என்ன ஆகும், நர்ஸ்கள் கையில் தடவுகிற களிம்பு பட்டால் என்ன ஆகும் என்று வரிசையாகக் கேட்டார். பாதிக்கு மேல் தெரியாது என்றுதான் பதில் வந்தது. கடைசியில் பெஞ்சில் இருந்த ஏப்ரன் அவர் கண்ணில் பட்டுவிட்டது. உள்ளே கூப்பிட்டு நோயாளியின் பூர்வகதையைக் கேட்கிற மாதிரி கேட்டார். பெரியவள் கூசாமல் சொன்னாள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை நிமிஷம் ஊற வைத்தது, ஏசி எந்தப் பக்கம் வீசியது, எல்லாம். எந்த மருந்து என்று கேட்டபோது மட்டும், எல்லா பார்லரிலும் இருப்பதுதான் சார் என்று கொஞ்சம் சுற்றிப் போனாள்.

பிறகு தராசு மேடம் கையை நீட்டினார்.

“சாவி.”

லேப் சாவியைச் சின்னவள் மேஜை மேல் வைத்தாள். நாளையிலிருந்து வாசலில் மணி அடித்து, வந்தவர்கள் மாதிரி கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

“இது விதியை மீறினதுக்கு” என்றார் மேடம். “சொன்னதுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம்.”

வெள்ளிக்கிழமைக்குள் புதிதாகப் பன்னிரண்டு. ஆறைச் சும்மா வளர்க்க வேண்டும். மீதி ஆறுக்கு அதே மருந்தை அளந்து காட்டி, எவ்வளவு பட்டால் சாகிறது என்று எழுத வேண்டும். எதைக் கொண்டு மூடினால் பிழைக்கிறது என்றும் கண்டுபிடிக்க வேண்டும். அது வந்தால் டாக்டர் மறுபடி வருவார், வராவிட்டால் மாதக் கடைசி மாதக் கடைசிதான்.

“அதே பாட்டில் வேணும்” என்றார் மேடம், சின்னவளைப் பார்த்து இல்லை, பெரியவளைப் பார்த்து. “வேற பாட்டில் கொண்டு வந்தா நாங்க பண்றதுக்கு அர்த்தமே இல்ல.”

நாலே கால் மணிக்கு இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். சின்னவளுக்குச் சாவி போன வருத்தம் ஒரு பக்கம் இருக்க, வேலை நாலு நாளுக்காவது உயிரோடு இருக்கிற தெம்பு மறுபக்கம். மடமடவென்று திட்டம் போட்டாள். காலை எட்டு மணிக்கு முதல் விதைப்பு. அதற்குள் பாட்டில் கையில் இருக்க வேண்டும். அதோடு பார்லரில் இருக்கிற எண்ணெய், க்ரீம், ஸ்ப்ரே என்று ஒன்று விடாமல் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டால், எது எது தங்கத்துக்கு ஆகாது என்று ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்.

பெரியவள் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்தையும் தரேன்” என்றாள். “அது ஒண்ணை மட்டும் கேட்காதே.”

“அக்கா, அதுதான் வேணும்.”

“அந்தப் பாட்டில்ல பேர் ஒட்டியிருந்துச்சா, பார்த்தியா நீ?”

சின்னவள் யோசித்தாள். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவள் எதைப் பார்த்திருப்பாள்?

“கம்பெனி மருந்து நம்ம ஊர்த் தலைக்கு நிக்க மாட்டேங்குது. நானே கலந்தது” என்றாள் பெரியவள். “உனக்கு மட்டும் போட்டதில்ல. ரெண்டு வருஷமா எல்லாருக்கும் அதுதான். லேப்ல அளந்து எழுதினா அத்தனையும் வெளிய வந்துடும்.”

என்னென்ன கலந்தாய் என்று சின்னவள் கேட்கவில்லை. தோளில் கிடந்த முடியை ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டு போனாள்.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஏறுகிறீர்களா இல்லையா என்று டிரைவர் கேட்டார். இரண்டு பேரும் ஏறவில்லை. கதவை மூடிக்கொண்டு பஸ் போய்விட்டது.